விஷம்னு தெரிஞ்ச கழிவுக்கு எதுக்கு வருஷக்கணக்கா ஆய்வு? மோவாப் யுரேனிய ஆலையும் நம்ம ராணிப்பேட்டை குரோமிய மேடும்

கேட்டவர் காட்பாடில சிவில் படிக்கிறவர். கேள்வி நீளமா இருந்துது, சாரத்த மட்டும் சொல்றேன். அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல மோவாப்னு ஒரு ஊர், அங்க பழைய யுரேனிய ஆலைக் கழிவ அள்றதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா சுற்றுச்சூழல் ஆய்வு எழுதினாங்களாம், விஷம்னு தெரிஞ்ச பொருளுக்கு எதுக்கு ஆய்வு, லாரி வெச்சு அள்ளிட வேண்டியதுதானே. ராணிப்பேட்டை சிப்காட்டுல கெடக்குற குரோமிய கழிவுக்கும் அப்படி ஒண்ணு வேணுமா, இல்ல உடனே அள்ளுன்னு நாம கேக்கணுமா. அவரோட மாமா வீடு புளியங்கண்ணு பக்கம், போர் தண்ணி லேசா மஞ்சளா வருதாம். மூணு கேள்வி மாதிரி தெரியுது, ஆனா உள்ள இருக்கறது ஒண்ணுதான்: ஆய்வுன்றது காலத்த ஓட்டற வேலையா, இல்ல நெசமாவே அது இல்லாம கைய வெச்சா வேற எங்கியாவது வெடிக்குமா.

ரெண்டுமே நடக்கும்னுதான் சொல்லுவேன். நான் வாலாஜா பக்கத்துக்காரன், படிச்சது நிலத்தடி நீர் சம்பந்தமா, பொழப்பும் அதுலதான், தொழிற்பேட்டைங்கள சுத்தி போர்ல தண்ணி எடுத்து மாசு எந்தப் பக்கம் நகருதுன்னு பாக்கற வேலை. யுரேனிய ஆலைல நான் வேலை செஞ்சதில்ல, வேலூர் ஜில்லாவுல அப்படி ஒரு ஆலை இருந்ததும் இல்ல, நம்ம நாட்டுல அதுன்னா ஜார்கண்ட்ல ஜாதுகூடா, துராம்டி, ஆந்திராவுல தும்மலபள்ளி. ஆனா எங்க தொழில்ல பழைய கழிவு மேட்ட எப்படி கையாளறதுன்னு பாடம் படிக்கணும்னா அமெரிக்கா யுரேனிய ஆலைங்களோட அறிக்கைங்கள படிக்காம முடியாது, அவ்ளோ விவரமா எழுதி வெச்சிருக்காங்க. அதனால தண்ணி பத்தி சொல்றத அனுபவத்துல சொல்றதா எடுத்துக்கங்க, கதிரியக்கம் பத்தி சொல்றத படிச்சு தெரிஞ்சதா எடுத்துக்கங்க, உடம்புக்கு என்ன ஆகும்னு கேட்டா டாக்டர்கிட்டதான் போகணும்.

மோவாப்ல என்ன நடந்துதுன்னு முதல்ல பாப்போம். 1952-ல சார்லி ஸ்டீன்ங்கற ஒருத்தர் அந்தப் பக்கம் பெரிய யுரேனிய படிவத்த கண்டுபிடிச்சார், 1956-ல கொலராடோ ஆத்தங்கரையிலயே ஆலை வந்துது, 1962-ல அட்லஸ்னு ஒரு கம்பெனி வாங்குச்சு, 1984-ல மூடிட்டாங்க. மிச்சம் நின்னது சுமார் 1.6 கோடி டன் கழிவு, 130 ஏக்கர்ல ஒரு மேடு, ஆத்துல இருந்து 750 அடி தூரம்தான். யுரேனிய தாதுல யுரேனியம் ரொம்ப கொஞ்சம், கல்ல மாவா அரைச்சு ஆசிட்லயோ காரத்துலயோ கரைச்சு அந்த கொஞ்சத்த எடுத்துட்டா மிச்சம் கிட்டத்தட்ட மொத்த கல்லும் மணலா சேறா வெளிய வந்துடும், அதத்தான் டெய்லிங்ஸ்னு சொல்றாங்க. யுரேனியத்த எடுத்தாச்சே அப்புறம் என்ன ஆபத்துன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, நெலம வேற. தாதுல இருந்த கதிரியக்கத்துல ஏறத்தாழ 85 சதவீதம் அந்த மணல்லயேதான் நிக்குது, ஏன்னா தோரியம்-230, ரேடியம்-226 ரெண்டயும் யாரும் எடுக்கல. ரேடியத்தோட அரை ஆயுள், அதாவது சிதைஞ்சு பாதியாகற காலம், 1600 வருஷம், தோரியத்தோடது 75,000 வருஷத்துக்கிட்ட, தோரியம் சிதைஞ்சு சிதைஞ்சு புதுசா ரேடியத்த பெத்துக்கிட்டே இருக்கும், ரேடியத்துல இருந்து ரேடான்ங்கற கதிரியக்க வாயு வந்துக்கிட்டே இருக்கும். கொலராடோவுல கிராண்ட் ஜங்ஷன்ங்கற ஊர்ல இந்த மணல் நல்லா நைசா இருக்குன்னு வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு அடியில கொட்டி நெரவிட்டாங்க, அப்புறம் ஆயிரக்கணக்கான கட்டடத்துல தோண்டி எடுக்க வேண்டியதாச்சு. சும்மா கெடைக்கிற மண்ணுன்னா நம்ம ஊர்ல மட்டும் இல்ல எல்லா ஊர்லயும் டிராக்டர் வந்துடும்போல.

இப்ப ஆய்வுக்கு வரேன், இங்கதான் விஷயமே இருக்கு. அட்லஸ் கம்பெனி சொன்னது, மேட்ட அங்கயே வெச்சு மேல மண்ணும் கல்லும் போட்டு மூடிடறோம்னு. 1998-ல கம்பெனி திவால். 1999-ல அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஒரு முழு சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதி, அங்கயே மூடறது ஏத்துக்கக்கூடியதுன்னு முடிச்சுது. ஊர்க்காரங்களும் ஆத்துல கீழ இருக்கறவங்களும் ஒத்துக்கல, 2000-ல நாடாளுமன்றம் சட்டம் போட்டு இடத்த எரிசக்தித் துறைகிட்ட குடுத்துது, அவங்க திரும்ப முதல்ல இருந்து ஆய்வ ஆரம்பிச்சு 2004 நவம்பர்ல வரைவு, 2005 ஜூலைல இறுதி அறிக்கை, செப்டம்பர்ல முடிவு: மொத்தத்தயும் எடுத்து 30 மைல் வடக்க கிரசென்ட் ஜங்ஷன்ல புதைக்கறது. அதே மேடு, அதே ஆறு, அதே மணல், ஆறு வருஷ இடைவெளில ரெண்டு அறிக்கை, ரெண்டும் எதிரெதிர் பதில். இத வெச்சு ஆய்வெல்லாம் ஏமாத்து வேலைன்னு சொல்றவங்க உண்டு, நான் அப்படி பாக்கல. முதல் ஆய்வு, லைசென்ஸ் வெச்சிருக்கற கம்பெனி குடுத்த திட்டம் தேறுமா தேறாதான்னு பாத்துது. ரெண்டாவது ஆய்வு, என்னென்ன வழி இருக்கு, எத எடுக்கறதுன்னு பாத்துது. கேள்விய எப்படி போடறாங்களோ அதுக்குத் தக்கதான் பதில் வரும். அதனால ஒரு அறிக்கை கையில கெடைச்சா நான் முதல்ல பாக்கறது அதுல இருக்கற நம்பர இல்ல, எத்தன வழிய பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்திருக்காங்கன்னுதான்.

அந்த ரெண்டாவது அறிக்கைல அங்கயே மூடறது ஒரு வழி, கிளாண்டைக் ஃபிளாட்ஸ், கிரசென்ட் ஜங்ஷன், ஒயிட் மீசான்னு மூணு வேற இடம், கொண்டு போறதுக்கு லாரி, ரயில், சேறா கரைச்சு குழாய்ல தள்றதுன்னு மூணு முறை, இதுகூட ‘ஒண்ணுமே செய்யாம விட்டுடறது’ன்னும் ஒரு வழிய வெச்சு அதோட விளைவயும் எழுதியிருந்தாங்க. ஒண்ணுமே செய்யாம விடறத எதுக்கு எழுதணும்னு என்கிட்ட கேட்டவங்க நிறைய. அது இல்லன்னா மத்ததோட லாப நஷ்டத்த எதோட ஒப்பிடுவீங்க. 1970-ல இருந்து அங்க அமல்ல இருக்கற தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் மாற்று வழிங்கள எழுதியே ஆகணும்னு சொல்லுது, முடிவு இதுதான்னு அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது, ஆனா தெரிஞ்சே மோசமான வழிய எடுத்தா அது எழுத்துல நிக்கும். 2004 வரைவுல எந்த வழிய எடுக்கப்போறோம்னே எழுதாம விட்டுட்டாங்க, எல்லா பக்கமும் கருத்து வந்து குவிஞ்சுது, கீழ இருக்கற மாநிலங்கள் எழுதினாங்க, அவங்க நாட்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே ஆத்தங்கரைல வைக்கக்கூடாதுன்னு சொல்லுச்சு, ஏன்னா கொலராடோ ஆத்துத் தண்ணிய நம்பி கீழ ரெண்டு கோடிக்கும் மேல ஜனம் இருக்கு, 1984 வெள்ளத்துலயே தண்ணி மேட்டோட அடிய தொட்டுட்டு போயிருக்கு. ஒயிட் மீசா பக்கம் வாழற யூட் பழங்குடி மக்கள் எங்க பக்கம் கொண்டு வராதீங்கன்னாங்க. அள்ளுன்னு சொல்றது சுலபம், எங்க கொட்டப்போறேன்னு கேட்டா அங்க ஒரு ஊர் இருக்கும்.

லாரில அள்ளிட வேண்டியதுதானேன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு வரேன். இந்த மாதிரி அறிக்கைங்கள்ல ஒரு அட்டவணை வரும், ஒவ்வொரு வழிலயும் எத்தன பேர் சாக வாய்ப்பிருக்குன்னு கணக்கு. கதிரியக்கத்தால வரக்கூடிய புற்றுநோய் ஒரு பக்கம், லாரி விபத்து இன்னொரு பக்கம், பல அறிக்கைங்கள்ல லாரி விபத்து கணக்கு கதிரியக்க கணக்குக்கு சமமாவோ அதுக்கு மேலயோ வந்து நிக்கும். முதல் தடவ பாக்கறப்ப இதென்னடா அசிங்கமா சாவ கூட்டிக் கழிக்கறாங்கன்னுதான் தோணும். ஆனா பெங்களூர் சென்னை ரோட்ல தெனம் போயிட்டு வர்றவங்களுக்கு அந்த கணக்கு புரியும். மோவாப்ல கடைசில ரயில எடுத்ததுக்கு இது ஒரு முக்கிய காரணம். மூடி போட்ட இரும்பு கண்டெய்னர், வெளிய போறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணயும் கழுவி கதிரியக்கம் ஒட்டியிருக்கான்னு பாத்துதான் விடுவாங்க, 2009 ஏப்ரல்ல முதல் ரயில் போச்சு, அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷத்துக்கும் மேல அள்ளியிருக்காங்க. அள்றப்போ பழைய ஆலைய இடிச்சு மேட்டுக்குள்ளயே தள்ளின இரும்பு, கல்நார் எல்லாம் வந்துது. ரெண்டு வருஷத்துல முடிஞ்சுடும்னு யாராவது சொன்னா இத ஞாபகம் வெச்சுக்கங்க.

அடுத்தது என் சப்ஜெக்ட், கொஞ்சம் நீட்டிதான் பேசுவேன். மோவாப்போட ரெண்டாவது அறிக்கைல என்னை ரொம்ப யோசிக்க வெச்ச இடம் நிலத்தடி நீர் பகுதி. மேட்ட அங்கயே மூடினா நிலத்தடி நீர சுத்தம் பண்ண சுமார் 80 வருஷம் ஆகும், மேட்டையே எடுத்துட்டா சுமார் 75 வருஷம் ஆகும்னு கணிச்சிருந்தாங்க. அஞ்சு வருஷம்தான் வித்தியாசம். மேட்ட எடுத்துட்டா தண்ணி சரியாயிடும்னு ஜனங்க நம்பறாங்க இல்லயா, அந்த நம்பிக்கைக்கு விழற அடி இது. பல வருஷமா இறங்கின அமோனியாவும் யுரேனியமும் ஏற்கெனவே அடி மண்ணுல ஒட்டிக்கிட்டு நிக்குது, மேல இருக்கறத எடுத்தா புதுசா இறங்கறது நிக்கும், பழசு அங்கயேதான். பம்ப் போட்டு எடுத்தா கொஞ்ச நாள்ல நம்பர் இறங்கும், ஆஹா சுத்தமாயிடுச்சுன்னு பம்ப நிறுத்தினா ஆறு மாசத்துல திரும்ப ஏறும். ஃபில்டர்ல ரெண்டாவது டிகாஷன் வெளுத்துப் போயிருக்கு, அப்படியே தண்ணிய ஊத்தி ராத்திரி முழுக்க விட்டுட்டு காலைல பாத்தா திரும்ப நெறம் ஏறியிருக்கும்ல, அதேதான், மண்ணு துகளுக்குள்ள போயி உக்காந்தது மெதுவா திரும்ப வெளிய வருது. எங்க ஆளுங்க இத ரீபவுண்டுன்னு சொல்லுவாங்க. அப்ப மேட்ட எதுக்கு எடுத்தாங்கன்னா, ஆறு. ஆறு ஒரு நாள் திசை மாறி அந்தக் கரைய அரிச்சுதுன்னா மேல போட்ட கல்லு எத்தன நாள் தாங்கும்னு யாராலயும் உறுதி சொல்ல முடியல. அங்க இருக்கற விதி, மூடற அமைப்பு முடிஞ்சவரைக்கும் 1000 வருஷம் நிக்கணும், எப்படி பாத்தாலும் 200 வருஷம் நிக்கணும்னு சொல்லுது. கிரசென்ட் ஜங்ஷன்ல அடியில நூத்துக்கணக்கான அடி கனத்துக்கு களிப்பாறை, பக்கத்துல ஆறு இல்ல, அதனாலதான் அந்த இடம்.

இதுல இன்னொண்ண கவனிங்க, நம்ம ஊருக்கு இதுதான் முக்கியம்னு நான் நெனைக்கிறேன். ஆய்வு முடிஞ்சது 2005-ல, ஆனா அமோனியா ஆத்துல இறங்கி அழிஞ்சுக்கிட்டிருக்கற மீன் இனங்களுக்கு ஆபத்துன்னு தெரிஞ்ச உடனே 2003-லயே ஆத்தங்கரைல போர் போட்டு கெட்ட தண்ணிய உறிஞ்ச ஆரம்பிச்சுட்டாங்க. முழு முடிவுக்கு ஆய்வு வேணும், இடைக்கால பாதுகாப்புக்கு அவ்ளோ பெரிய ஆய்வுக்காக காத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. ஆய்வு நடக்குது ஆய்வு நடக்குதுன்னு சொல்லிட்டு வேலி கூட போடாம மழைத்தண்ணி ஓடறதுக்கு ஒரு கால்வாய் கூட வெட்டாம இருக்கறாங்கன்னா அதுக்கு ஆய்வு மேல பழிய போட முடியாது.

எது உறுதி எது சந்தேகம்னு பிரிச்சு சொல்லணும்னா, மேட்டுல என்ன இருக்கு, எவ்ளோ இருக்கு, எத்தன வருஷத்துல பாதியாகும், தண்ணி எந்த திசைல போகுது இதெல்லாம் உறுதியா சொல்லலாம், போர் போட்டு சாம்பிள் எடுத்தா தெரிஞ்சுடும். எப்ப சுத்தமாகும்னு கம்ப்யூட்டர் மாடல் சொல்ற வருஷம் இருக்கே, அத நான் பாதிதான் நம்புவேன். பழைய ஆலை இருந்த சில இடங்கள்ல நூறு வருஷத்துக்குள்ள இயற்கையாவே அலசிட்டு போயிடும்னு எழுதி வெச்சாங்க. வயோமிங்ல ரிவர்டன்னு ஒரு இடம், மேட்ட எப்பவோ எடுத்தாச்சு, 2010-ல பக்கத்து ஆத்துல வெள்ளம் வந்து மண்ண நனைச்சதும் நிலத்தடி நீர்ல யுரேனியம் மளமளன்னு ஏறிடுச்சு, வெள்ளம் படற மேல் மண்ணுல தங்கியிருந்தது கரைஞ்சு இறங்கிடுச்சுன்னு பின்னாடி புரிஞ்சுது. மாடல் எழுதினவங்க முட்டாள் இல்ல, மண்ணு ஒரே மாதிரி இருக்காது, அவ்ளோதான். ரொம்ப கம்மி அளவு கதிரியக்கத்தால எத்தன பேருக்கு புற்றுநோய் வரும்ங்கற கணக்கும் ஒரு ஊகத்து மேல நிக்கறதுதான், பாதுகாப்புக்காக அதிகமாவே போட்டு வெப்பாங்க.

இப்ப ராணிப்பேட்டை. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்னு ஒரு ஆலை 1975 வாக்குல ஆரம்பிச்சு, தோல் பதனிடறதுக்கு வேண்டிய குரோமிய ரசாயனம் செஞ்சு, தொண்ணூறுகள் நடுவுல மூடினாங்க, சுமார் 1.5 லட்சம் டன் குரோமிய கழிவு வெட்டவெளில நின்னுடுச்சு. 2006-ல பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட்னு ஒரு அமெரிக்க தொண்டு நிறுவனம் உலகத்துலயே மோசமா மாசுபட்ட பத்து இடம்னு போட்ட பட்டியல்ல நம்ம ராணிப்பேட்டை பேர் வந்துது, பெருமைப்படற விஷயமா. ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பக்கம் நிலத்தடி நீர ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க. மோவாப் மேட்டோட ஒப்பிட்டா இது நூத்துல ஒரு பங்குதான். ஆனா ஒரு விஷயத்துல மோசம், ரேடியத்துக்காவது அரை ஆயுள்னு ஒண்ணு இருக்கு, குரோமியத்துக்கு அது கூட இல்ல, அது எத்தன ஆயிரம் வருஷம் ஆனாலும் குரோமியமாவே நிக்கும். இன்னொரு விஷயத்துல நமக்கு சாதகம், ரேடியத்த எந்த மருந்து போட்டும் மாத்த முடியாது, குரோமியத்த மாத்தலாம். குரோமியம் கழிவுல ரெண்டு வடிவத்துல இருக்கும், ஹெக்ஸாவேலன்ட், ட்ரைவேலன்ட்னு. ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்தான் தண்ணில கரைஞ்சு ஓடும், புற்றுநோய் வர வெக்கும், அத இரும்பு சல்ஃபேட் மாதிரி ஏதாவது போட்டு ட்ரைவேலன்டா மாத்திட்டா பெரும்பாலும் கரையாம மண்ணோட நின்னுடும்.

பெரும்பாலும்னு சொன்னேன், அதுல ஒரு சிக்கல் இருக்கு. இந்தக் கழிவு, குரோமைட் தாதுவ சோடா சாம்பல், சுண்ணாம்பு கலந்து சூளைல வறுத்து எடுத்த மிச்சம், பி.ஹெச். 11, 12-ன்னு சுண்ணாம்புத் தண்ணி மாதிரி காரம். அந்த காரத்துல துகளுக்கு உள்ள இருக்கற ஹெக்ஸாவேலன்ட் சுலபமா மருந்துக்கு மசியாது, மேல மாத்திட்டு வந்துட்டோம்னு நெனைச்சா உள்ள இருந்து திரும்ப கசியும். சல்ஃபேட் சேந்தா சில தாதுங்க உருவாகி கழிவு உப்பவும் செய்யும், அமெரிக்காவுல பால்டிமோர் துறைமுகத்துல இந்த மாதிரி கழிவு மேல தளம் போட்டு தளமே தூக்கிக்கிட்டு வெடிச்சிருக்கு. அதனால இங்க மேல மூடறதா, மருந்து போட்டு மாத்தறதா, தோண்டி எடுக்கறதா, எல்லாத்துக்கும் ஒரு பின்விளைவு இருக்கு, அத யாராவது உக்காந்து எழுதித்தான் ஆகணும்.

அள்ளினா எங்க போகும்னு ஒரு கணக்கு போட்டு பாருங்க. ஒரு லாரிக்கு 15 டன்னு வெச்சுக்கிட்டா 1.5 லட்சம் டன்னுக்கு 10,000 லோடு, தெனம் 40 லோடு எடுத்தாலும் மழை, லீவு எதுவும் இல்லாம 250 நாள், அதுவும் மேல தெரியற மேடு மட்டும், அடியில ஊறின மண்ண சேக்கல. அபாயக் கழிவு புதைக்கற இடம்னா கும்மிடிப்பூண்டில இருக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல. காஞ்ச தூசி பறந்தா மூக்குல போற ஹெக்ஸாவேலன்ட்தான் தண்ணில இருக்கறத விட நுரையீரலுக்கு ஆபத்து. தார்ப்பாய சும்மா மேல போட்டுக்கிட்டு போற லாரிங்கள நாம தெனம் பாக்கறோம். கும்மிடிப்பூண்டிக்காரங்க எங்களுக்கு எதுக்குன்னு கேட்டா அதுக்கும் பதில் சொல்லணும்.

சேறு, கழிவு இதெல்லாம் அசையாம கெடக்குது என்ன பண்ணப்போகுதுன்னு நெனைக்கறவங்களுக்கு 2015 ஜனவரி 31 ஞாபகம் இருக்கணும், அதே ராணிப்பேட்டை சிப்காட்டுல தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தோட சேறு தொட்டி சுவர் விடியறதுக்கு முன்னாடி உடைஞ்சு, பக்கத்துல தூங்கிட்டு இருந்த 10 தொழிலாளிங்க செத்தாங்க, பெரும்பாலும் மேற்கு வங்காளத்துப் பசங்க. யுரேனிய ஆலைலயும் இதே கதைதான், 1979 ஜூலைல நியூ மெக்சிகோ சர்ச் ராக்ல டெய்லிங்ஸ் குளத்து கரை உடைஞ்சு 9 கோடி கேலனுக்கு மேல கழிவு நீர் ஆத்துல போச்சு.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, முன்னெச்சரிக்கையா இருக்கணும், கெடுத்தவன்தான் காசு குடுக்கணும்ங்கற ரெண்டு கொள்கையும் இந்திய சட்டத்துல ஒரு பகுதின்னு உச்ச நீதிமன்றம் சொன்னதே நம்ம ஊர் வழக்குலதான், வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு, 1996 ஆகஸ்ட் 28. நாட்டுல எந்த மூலைல பசுமை வழக்கு நடந்தாலும் நம்ம பாலாத்து தோல் கழிவு தீர்ப்ப எடுத்து படிப்பாங்க. ஆனா சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு பத்தின 2006 இ.ஐ.ஏ. அறிவிக்கை புது திட்டங்களுக்காக எழுதினது, புதுசா அபாயக் கழிவு புதைக்கற மையம் கட்டணும்னா அதுக்குள்ள வரும், பழைய மேட்ட சுத்தம் பண்றதுக்குன்னு தனியா அதுல இடம் இல்ல. அந்த ஓட்டைய அடைக்கத்தான் 2025 ஜூலைல மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகள்னு மத்திய அரசு கொண்டு வந்தாங்க, இடத்த கண்டுபிடிக்கறது, ஆராயறது, யார் பொறுப்புன்னு முடிவு பண்றது, சுத்தம் பண்றதுன்னு படிப்படியா இருக்கு. கதிரியக்கக் கழிவு அதுல வராது, அது தனி சட்டம், தனி வாரியம். குரோமியம் வரும். என் அபிப்பிராயம், விதி பரவால்ல, ஆனா மோவாப்ல மாதிரி எல்லா வழியயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஜனங்க முன்னாடி வைக்கற பழக்கம் நமக்கு இன்னும் வரல, ஒரு வழிய முன்னாடியே முடிவு பண்ணிட்டு அதுக்கு தகுந்த அறிக்கைய எழுதறதுதான் வழக்கம்.

அதனால உடனே அள்ளுன்னு மட்டும் கேக்காதீங்கன்னுதான் சொல்லுவேன். கருத்துக்கேட்பு கூட்டம்னு ஒண்ணு வந்தா எல்லாரும் வேலைவாய்ப்பு, நஷ்டஈடு பத்தியே பேசி முடிச்சுடுவாங்க, பக்கத்துல யாராவது ஒரு பெருசு ‘இன்னாபா, கையெழுத்து போட்டாச்சா, டீ குட்ச்சிட்டு கெளம்பலாமா’ம்பார். நீங்க சிவில் படிக்கிறவர், எழுந்து நின்னு கேளுங்க: ஒண்ணும் செய்யாம விட்டா பாலாத்துப் பக்கம் எவ்ளோ தூரம் எத்தன வருஷத்துல போகும்னு எழுதியிருக்கீங்களா, மேட்ட எடுத்தப்புறம் அடி மண்ணுக்கும் தண்ணிக்கும் என்ன திட்டம், சுத்தமாயிடுச்சுன்னு சொல்லிட்டு போனப்புறம் எத்தன வருஷம் யார் காசுல சாம்பிள் எடுப்பீங்க, அதுவரைக்கும் மழைத்தண்ணி மேட்டு மேல விழாம இருக்க இந்த வருஷமே என்ன செய்யறீங்க. இந்த நாலு கேள்வியும் கூட்டக் குறிப்புல ஏறணும், வாயால பேசறது மட்டும் பத்தாது, எழுதிக் குடுத்து கையெழுத்து வாங்கிக்கங்க.

உங்க மாமா போர் விஷயத்துக்கு கடைசில வரேன்னு வெச்சிருந்தேன், உண்மைல முதல்ல செய்ய வேண்டியது அதான். மஞ்சளா வந்தாலே குரோமியம்னு சொல்லிட முடியாது, இரும்பும் மஞ்சளா காட்டும். ஒரு வெள்ளை பக்கெட்ல புடிச்சு வெச்சு பாருங்க, இரும்புன்னா புடிக்கறப்போ தெளிவா இருந்து கொஞ்ச நேரத்துல செவந்து அடியில துருவா படியும், குரோமேட்னா கலங்காம கண்ணாடி மாதிரி எலுமிச்சை மஞ்சள்ல அப்படியே நிக்கும், நாள் கணக்கா வெச்சாலும் படியாது. கண்ணுக்கு மஞ்சள் தெரியற அளவுன்னாலே குடிநீர் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம தாண்டி பல மடங்குல இருக்கும், அதே சமயம் தெளிவா இருக்கறதாலயே நல்ல தண்ணின்னும் அர்த்தம் இல்ல. நாங்க ஃபீல்டுல ஆசிட் ஒரு சொட்டு விட்டு டைஃபினைல்கார்பசைடுன்னு ஒரு மருந்து சேப்போம், ஹெக்ஸாவேலன்ட் இருந்தா கண்ணு முன்னாடியே கத்தரிப்பூ கலர் வந்துடும். அது இருக்கா இல்லயான்னு மட்டும் சொல்லும், எவ்ளோன்னு தெரிய லேப்தான். குடுக்கறப்போ மொத்த குரோமியம், ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் ரெண்டயும் தனித்தனியா பாக்கச் சொல்லுங்க, மோட்டார கொஞ்ச நேரம் ஓட விட்டு பைப்ல தேங்கின பழைய தண்ணி போனப்புறம் புடிங்க, ஓவர்ஹெட் டேங்க்ல இருந்து புடிக்காதீங்க, ஐஸ் பெட்டில வெச்சு அதே நாள் லேப்ல சேத்துடுங்க. பக்கத்து வீட்டு போர்லயும் எடுங்க, ஏன்னா நம்ம பக்கம் கெட்டிப் பாறை, தண்ணி வெடிப்பு வழியாத்தான் ஓடுது, ஒரு போர்ல கடுமையா இருக்கும், முப்பது அடி தள்ளி இன்னொண்ணுல ஒண்ணுமே இருக்காது, அதனால ஒரு ரிசல்ட் வந்துடுச்சுன்னு தெருவுக்கே தீர்ப்பு எழுத முடியாது. மழைக்கு முன்னாடி ஒண்ணு, மழை முடிஞ்சு ஒண்ணுன்னு ரெண்டு தடவ எடுத்தா இன்னும் நல்லது. ரிசல்ட் வர்ற வரைக்கும் குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் அந்தத் தண்ணி வேணாம், கொதிக்க வெச்சா குரோமியம் போகாது, தண்ணி ஆவியாகி இன்னும் கொஞ்சம் கெட்டிதான் ஆகும். ஆர்.ஓ. குறைக்கும், ஆனா அதுல இருந்து வெளிய போற கழிவு தண்ணில குரோமியம் சேந்து போகும், அத செடிக்கு ஊத்தறோம்னு கீரைப்பாத்தில திருப்பிடாதீங்க.